“யா” என்று முடியும் பெயர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் வியாபாரிகள். கடைக்கு அரிசி மூட்டை வந்தால், மேலே அச்சடித்திருக்கும் மார்க்கை மட்டும் பார்த்து இறக்கிவிட மாட்டோம். குத்தூசியால் குத்தி, உள்ளிருக்கும் அரிசியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே விலை பேசுவோம். சில வெள்ளி சரக்குக்கு இவ்வளவு எச்சரிக்கை! ஆனால், பெற்ற பெண்ணுக்குப் பெயர் வைக்கும்போது, காதுக்கு இனிக்கிறதா என்பதோடு நின்றுவிடுகிறோம். பிறரைக் குறை சொல்ல வரவில்லை. என் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறேன்.

என் மூத்த மகள் ஸபிய்யா; இரண்டாமவள் ருகையா. மூன்றாவதும் பெண்ணே பிறந்தாள், அல்ஹம்து லில்லாஹ். அக்காமார் பெயரைப் போலவே இவள் பெயரும் “யா” என்று முடிய வேண்டுமென்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே பிடிவாதம். என் மைத்துனர் ஒரு தாளில் பத்துப் பதினைந்து பெயர்களை எழுதிக்கொண்டு வந்தார். அவற்றுள் “ஹாவியா” என்ற பெயர் என் மனைவிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. “குர்ஆனில் வருகிற சொல்தானே, மச்சான்! இதற்கு மேல் என்ன பரக்கத்து வேண்டும்?” என்றார் மைத்துனர். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

ஆறாம் நாள் இரவு, மதரஸாவில் ஓதிக்கொண்டிருக்கும் மூத்த மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். “அத்தா! ஹாவியா என்றால் நரகம் என்று உஸ்தாது சொல்லித் தந்தார்களே. தங்கச்சிக்கு அந்தப் பேரா?” என்று கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அல்காரிஆ சூராவைச் சிறு வயது முதல் தொழுகையில் ஓதி வருகிறேன். மறுமையில் எவனுடைய தராசுத் தட்டு இலேசாகிவிடுகிறதோ, அவன் போய்ச் சேருமிடம் ஹாவியா என்னும் நெருப்பு என்று அங்கே அல்லாஹுத் தஆலா எச்சரிக்கிறான். நாள் முழுதும் தராசு பிடிக்கும் என் கை, அந்தச் சொல்லைப் பிள்ளையின் பெயராக எழுதப் போயிற்று! நாவு ஓதியது, கருத்து உள்ளே இறங்கவில்லை.

சகோதரர்களே! குர்ஆனில் வருகிற சொல்லெல்லாம் பெயராகிவிடாது. பிர்அவ்னும் குர்ஆனில் வருகிறான். அவன் பெயரை யாராவது பிள்ளைக்கு வைப்போமா?

பெருமானார் (ஸல்) அவர்கள் பெயரின் பொருளைக் கவனித்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்கு ஆஸியா என்றொரு மகள் இருந்தார். மாறு செய்கிறவள் என்பது அதன் பொருள். நாயகம் அவர்கள் அதை மாற்றி, அழகியவள் என்று பொருள்படும் ஜமீலா என்ற பெயரை வைத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். பர்ரா என்றால் நன்மை மிக்கவள். அது கெட்ட பொருளன்று. ஆயினும், தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது போலிருக்கிறதென்று, அதை மாற்றி ஜைனப் என்று வைத்தார்கள். பர்ராவின் ஓசைக்கும் ஜைனபின் ஓசைக்கும் ஒற்றுமை ஏது? அன்னவர்களின் அருமைப் பெண்மக்கள் நால்வர்: ஜைனப், ருகையா, உம்மு குல்தூம், பாத்திமா. நான்கும் ஒரே ஓசையிலா முடிகின்றன?

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். பிர்அவ்னின் மனைவியாயிருந்தும் ஈமானில் உறுதியாய் நின்ற அம்மையாரின் பெயரும் ஆஸியாதான். அது நல்ல பெயர். அரபியில் அது அலிபும் ஸீனும் கொண்டு எழுதப்படும். நாயகம் மாற்றிய பெயரோ ஐனும் ஸாதும் கொண்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அந்த அரபுத் தமிழில் இந்தப் பேதம் தெரிந்தது. மலாய்ச் சகோதரர்கள் ஜாவியில் எழுதும்போதும் தெரிகிறது. தமிழிலும் ரூமியிலும் மட்டும் எழுதுகிற நாம்தான் தடுமாறுகிறோம்.

ஆகவே, பிறப்பைப் பதியப் போகுமுன், வைக்க நினைத்த பெயரை அரபு எழுத்தில் எழுதிப் பொருள் சொல்லும்படி ஓர் ஆலிமிடம் கேளுங்கள். பத்து நிமிஷக் காரியம். “யா” வேண்டுமென்ற ஆசை குற்றமன்று. இஸ்லாத்துக்காக முதலில் உயிர் கொடுத்த ஸுமய்யா (ரலி) அவர்களின் பெயர் இருக்கிறது. பொருள் முந்தட்டும், ஓசை பிந்தட்டும். பொருள் சரியில்லாத பெயரை ஏற்கெனவே தாங்கும் பெண் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவளை ஏளனம் செய்யாதீர்கள். குற்றம் அவளுடையதன்று. மாற்றிக்கொள்ளும் வழியை நாயகமே காட்டியிருக்கிறார்கள்.

மறுமையில் நாம் நம் பெயராலும் நம் தந்தை பெயராலும் அழைக்கப்படுவோம் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வந்திருக்கிறது. மகள் பெயரையடுத்து “பிந்தி” என்று நம் பெயரல்லவா நிற்கிறது! அந்த மைதானத்தில் “ஹாவியா பிந்தி” என்று அழைத்து, அதன்பின் என் பெயரையும் சொன்னால், என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

ஏழாம் நாள் அகீகா ஆடறுத்து, ஜமீலா என்று பெயர் வைத்தோம். “யா வரவில்லையே” என்று என் மனைவிக்குச் சிறிது குறைதான். “ரசூலுல்லாஹ் வைத்த பேரும்மா” என்று மூத்தவள் சொன்னதும் அந்தக் குறையும் தீர்ந்தது.

நம் பிள்ளைகளின் பெயர்களை அழகாக்கி, அப்பெயர்களுக்கேற்ற வாழ்வையும் அவர்களுக்கு அல்லாஹ் அருள்வானாக! நம் தராசுத் தட்டுக்களையும் கனமாக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.