அடைத்து வைத்தல் கருணையாகுமா?

பிற உயிர்களின் துன்பம் கண்டு இரங்குதல் நன்று என்பதில் நம்முள் கருத்து வேறுபாடு இல்லை. பஞ்சசீலத்தின் முதற் சீலத்தை நாள்தோறும் ஏற்றுவரும் உபாசகர்களுக்கு அதனை மீண்டும் எடுத்துரைக்க வேண்டுவதுமில்லை. ஆனால், இரக்கம் என்று நாம் கருதிச் செய்த செயலே அவ்வுயிருக்குத் தீங்காய் முடிந்தால், அதனை இரக்கம் என்று சொல்லலாகுமா? அவ்வுயிர் கதறக் கதற, அதன் விருப்பத்திற்கு முற்றிலும் மாறாக, அதனை அடைத்து வைப்பது கருணையாகுமா? இவ்வினாக்கள் ஏட்டுப் படிப்பினால் நமக்கு எழுந்தவை அல்ல. ஒரு தெரு நாயின் முறிந்த காலே இவற்றை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியது.

தங்கவயலிற் சுரங்கம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட பிறகு, நம் மக்களிற் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அவ்வாறு நிலையத்திற்கு விரைவோர் மிகுந்திருந்த வேளையில், நம் லைன் வீடுகளுக்கு எதிரேயுள்ள சாலையில் ஒரு பெண் நாயை வண்டியொன்று மோதிவிட்டுச் சென்றது. பிள்ளைகள் அதனைச் செவலை என்று அழைப்பர். அதற்கு உடையவர் எவரும் இலர். எல்லா வீட்டு மிச்சத்தையும் தின்று வளர்ந்தது. வலது பின்னங்காலின் தொடையெலும்பு முறிந்திருந்தது. வலியால் துடிக்கும் நாய் தனக்குச் சோறிட்ட கையையும் கடிக்கும். ஆகையால், அதன் வாயைத் துணியால் மெல்லக் கட்டி, ஒரு பலகையிற் கிடத்தி எடுத்துச் சென்றோம். பெங்களூரில் கால்நடை மருத்துவர் முறிந்த எலும்பைச் சேர்த்து, எஃகுத் தகடு பொருத்தித் திருகாணிகளால் இறுக்கினார்.

அவர் நமக்கு இட்ட கட்டளைகள் தெளிவானவை. எட்டு வாரங்கள் அந்நாயை ஓடவும் தாவவும் படியேறவும் விடலாகாது. எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் மட்டும் இடமுள்ள சிறு அடைப்பினுள் அது இருத்தல் வேண்டும். மலசலம் கழிப்பதற்கு மட்டும், வயிற்றின்கீழ் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கியவாறு, கயிற்றிற் பிடித்துச் சில நிமிடங்கள் வெளியே கொண்டுவரலாம். தையலை நக்காதபடி கழுத்திற் கூம்பு போன்ற தடுப்பை மாட்டிவைத்தல் வேண்டும். தரை வழுக்காதிருக்கச் சாக்கு விரித்தல் வேண்டும். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகக் கூடுமாதலால், அவர் எழுதிக் கொடுத்த மருந்தையன்றி வேறெதனையும் கொடுத்தலாகாது. புண்ணில் வீக்கமோ சீழோ நாற்றமோ தோன்றினாலும், ஊன்றிய காலைத் திடீரென ஊன்றாது விட்டாலும் உடனே வருதல் வேண்டும்.

செலவைச் சில வீட்டார் பகிர்ந்துகொண்டோம். அப்போது அக்கம்பக்கத்து முதியவர் ஒருவர் நம்மை நோக்கி, "ஐயா, மனிதருக்கே மருந்து வாங்க வழியில்லாத இடத்தில் நாய்க்கு எதற்கு இத்தனை செலவு?" என்று கேட்டார். அவரது கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. நாயினும் கீழாக நடத்தப்பட்ட மக்களின் வழிவந்தவர் அவர், நாமும் அவ்வாறே. மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் ஆடுமாடுகள் தடையின்றி நீர் குடித்தன. அதே நீரைக் கையால் அள்ளிக் குடிப்பதற்கு, 1927 மார்ச்சு 20ஆம் நாள், டாக்டர் அம்பேத்கர் பெருந்திரளான மக்களை அழைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. விலங்குக்குக் கிடைத்தது மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்னும் வடு நம் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. ஆயினும், அங்கு நடந்த அநீதி யாது? விலங்கு குடித்தது அநீதியாகாது. மனிதனைத் தடுத்ததே அநீதி. விலங்கிடமிருந்து நீரைப் பறித்திருந்தால் நம் முன்னோரின் தாகம் ஒரு துளியும் தணிந்திராது. அசோக மன்னன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கு மருத்துவம், விலங்குகளுக்கு மருத்துவம் என இரண்டையும் ஒருங்கே கூறுகின்றான்; சோழ பாண்டிய நாடுகளையும் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கின்றான். ஒன்றைச் செய்வதற்காக மற்றொன்றை விடவேண்டும் என்று அவன் கருதவில்லை. வாடும் குழந்தையின் மருந்தைப் பறித்து நாய்க்கு ஊட்டுமாறு நாமும் எவரிடமும் கேட்கவில்லை. மனமுவந்து ஈந்தவரிடமே பெற்றோம். இவ்விடையை அம்முதியவர் முழுதும் ஏற்றாரா என்பதை நாம் அறியோம். மறுநாள் சாக்கு இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இதைவிடக் கடினமான கேள்வி பின்னரே எழுந்தது.

மகாவக்கத்தின் எட்டாம் பிரிவில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. வயிற்று நோயால் தன் மலசலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவான் காண்கின்றார். உன்னைக் கவனிப்பார் இலரோ என வினவ, மற்றப் பிக்குகளுக்குத் தாம் பயன்படாதவர் ஆதலால் எவரும் கவனிப்பதில்லை என்று அப்பிக்கு விடையளிக்கின்றார். பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவ, இருவருமாக அவரைத் தூக்கிக் கட்டிலிற் கிடத்துகின்றனர். பயன் கருதாது பணிவிடை செய்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதனை அடுத்தே, பணிவிடை செய்வதற்கு எளிய நோயாளியின் ஐந்து இயல்புகள் கூறப்படுகின்றன. அவன் தனக்கு நன்மையானதைச் செய்வான், நன்மையிலும் அளவறிவான், மருந்தை உட்கொள்வான், நோயின் நிலையை உள்ளபடி கூறுவான், வலியைப் பொறுப்பான்.

இவ்வைந்தையும் செவலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நன்மையானது இன்னதென்று அது அறியாது. அளவு என்பது அதற்கில்லை. மருந்தைச் சோற்றிலிருந்து பிரித்துத் துப்பும். எங்கே வலிக்கிறதென்று சொல்ல அதற்கு நாவில்லை. ஐந்தாவதான பொறுமையை மட்டும் அது நிரம்பப் பெற்றிருந்தது. ஆனால் அதுவே நம்மை ஏமாற்றவும் செய்தது. ஏனெனில், நாய் தன் வலியை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது.

நோயாளிக்கு இல்லாத இயல்புகளை எல்லாம் பணிவிடை செய்பவனே தாங்க வேண்டியவனாகின்றான். அவனுக்கும் ஐந்து இயல்புகள் அங்கே கூறப்பட்டுள்ளன. மருந்தை அமைக்கத் தெரிதல், மலசலத்தையும் சளியையும் கண்டு அருவருக்காமை, ஊதியம் கருதாது மைத்திரியினால் செய்தல், தரும வார்த்தைகளால் மகிழ்வித்தல் என்பன நான்கு. எஞ்சிய ஒன்று, நோயாளிக்கு நன்மையானது எது, தீமையானது எது என அறிந்து, நன்மையைக் கொணர்ந்து தீமையை அகற்றுதல். மற்ற நான்கிலும் நாம் அதிகம் தவறவில்லை. தரும வார்த்தைகளுக்கு ஈடாக, அருகிலமர்ந்து அதன் செவியைத் தடவிக் கொடுத்தோம். இந்த ஒன்றிலேயே தவறினோம்.

முதல் வாரத்தில் செவலை பெரும்பாலும் உறங்கியது. இரண்டாம் வார முடிவில் தையல் பிரிக்கப்பட்டது. மூன்றாம் வாரத்தில் வலி குறைந்தது. உணவில் நாட்டம் மிகுந்தது. காலை ஊன்றி நின்றது. அன்று தொடங்கியே அதன் அழுகையும் தொடங்கியது. தெருவில் மற்ற நாய்கள் ஓடும் ஒலி கேட்டால் அடைப்பின் கம்பியைப் பிராண்டும். நம்மை நோக்கி நெடுநேரம் முனகும். நள்ளிரவில் அவ்வொலி கேட்டு அண்டை வீட்டார் விளக்கேற்றினர். ஓரிரவு, நலமடைந்த உயிரை இன்னும் சிறையில் வைப்பது கொடுமையன்றோ என்று ஒரு நெஞ்சம் உருகிற்று. அடைப்பின் தாழ் நீக்கப்பட்டது. செவலை ஒரே பாய்ச்சலாகத் திண்ணையிலிருந்து கீழே தாவியது. பிறகு மூன்று காலில் திரும்பி வந்தது. தாழை நீக்கியவர் வேறு எவருமல்லர். இதனை எழுதும் நாமே.

எக்ஸ்ரே படத்தில் தகடு வளைந்திருந்தது, திருகாணிகள் பெயர்ந்திருந்தன. அவ்வுயிர் இரண்டாம் முறையும் கத்தியின்கீழ்க் கிடக்க நேர்ந்தது.

அப்போது மருத்துவர் விளக்கியதை இங்கே கூறுதல் தகும். தகடு எலும்பைக் குணப்படுத்துவதில்லை. எலும்பு தன்னைத் தானே கூட்டிக்கொள்ளும்வரை அது அசையாது பிடித்து நிற்கின்றது, அவ்வளவே. முறிந்த இடத்தில் முதலில் குருதி உறையும். பின்னர்க் குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்பு தோன்றும். பல வாரங்கள் சென்ற பின்னரே அது எலும்பாக இறுகும். வலியோ இவை முடியுமுன்பே குறைந்துவிடும். வலி நீங்கியும் எலும்பு கூடாத அந்த இடைக்காலமே பெரிதும் ஆபத்தானது. நாய்க்கு அது தெரியாது. நமக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் தாழை நீக்கினோம்.

ஏன் நீக்கினோம்? இக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறுவோமாயின், அந்நாயின் துன்பத்தை நீக்குவதற்காக நாம் எழவில்லை. அதன் அழுகையால் நமக்குண்டான துன்பத்தை நீக்கிக்கொள்ளவே எழுந்தோம். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து விசுத்திமார்க்கத்தை இயற்றிய புத்தகோசர், கருணைக்கு இரு பகைகள் உண்டு என்பர். கொடுமை தொலைவிலுள்ள பகை. அதனை எவரும் அறிந்துகொள்வர். அருகிலுள்ள பகையோ உலகியற்பட்ட துயரம். அது கருணையைப் போலவே தோன்றும். அதைப் போலவே கண்ணீரும் விடும். ஆனால் தன்னையே சுற்றிச் சுழலும். அவ்விரவில் நம் வீட்டுக்குள் புகுந்தது இந்த அருகிலுள்ள பகையே என்பதை இப்போது உணர்கின்றோம்.

அங்ஙனமாயின், நன்மைக்காக என்று சொல்லி ஓர் உயிரை அடைத்து வைத்தல் எப்போதும் தகுமோ? இவ்விடத்தில் நாம் மிகுந்த எச்சரிக்கையோடு நடத்தல் வேண்டும். ஏனெனில், "உன் நன்மைக்காகவே உன்னைத் தடுக்கின்றோம்" என்னும் சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. இத்தெருவில் நடவாதே, இந்நூலைக் கல்லாதே, உனக்கு விதித்த தொழிலில் நில், அதுவே உனக்கு நலம் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். அவ்வாறு சொன்னவர்களும் தம்மைக் கருணையுடையோர் என்றே எண்ணிக்கொண்டனர். அவர்கள் இட்ட தாழுக்கும் செவலையின் அடைப்புக்கு இட்ட தாழுக்கும் வேற்றுமை யாது?

சில வேற்றுமைகள் நமக்குப் புலப்படுகின்றன. அடைப்புக்கு ஒரு முடிவு உண்டு. அம்முடிவை உறுதி செய்வது நம் விருப்பம் அன்று, எக்ஸ்ரே படம். அடைப்பினால் வரும் பயன் முழுவதும் அடைபட்ட உயிருக்கே உரியது; அடைத்தவனுக்கு எஞ்சுவது உறக்கமின்மையும் சாக்கு துவைக்கும் வேலையுமே. நம்மை அடைத்தவர்களின் தாழுக்கோ முடிவு குறிக்கப்படவில்லை. அதன் பயனும் அவர்களையே சேர்ந்தது. எல்லாவற்றினும் பெரிய வேற்றுமை மற்றொன்று. நாயிடம் காரணத்தைக் கூறி அதன் இசைவைப் பெற இயலாது. இயலுமாயின் கூறியே தீரவேண்டும். மனிதன் காரணம் கேட்க வல்லவன், மறுக்கவும் வல்லவன். அவனிடம் கேளாமலே அவன் நன்மையைத் தீர்மானிப்பவன், அவனை விலங்கின் நிலைக்குத் தாழ்த்துகின்றான். ஆகவே, செவலையை அடைத்து வைத்ததற்குரிய நியாயத்தை எடுத்துச் சென்று மனிதர்மேற் செலுத்த எவருக்கும் உரிமையில்லை. நம் வீட்டு முதியோரிடத்தும், நோயுற்ற மனைவி மக்களிடத்தும் கூட, அவர்களது வாய்ச்சொல்லைக் கேட்ட பின்னரே நாம் செயற்படுதல் வேண்டும். இதனை நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கின்றோம்.

இரண்டாம் அறுவைக்குப் பின் அடைப்பின் தாழை நாம் காக்கவில்லை. ஒருவரே காப்பின் ஓரிரவு நெஞ்சம் தளரும் என்று கண்டுகொண்டோம். முறைவைத்து நான்கு வீட்டார் காத்தனர். அழுகை எழுந்தபோது திறப்பதற்குப் பதிலாக அருகிற் சென்று அமர்ந்தோம். அழுகை நிற்கவில்லை, சில இரவுகள் விடியும்வரை நீடித்தது. அதனைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்நாட்களில் நமக்குற்ற பணி.

பத்தாம் வாரத்தில் எடுத்த படத்தில் எலும்பு கூடியிருந்தது. மருத்துவர் சொற்படி, ஐந்து நிமிட நடையிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டி, மெலிந்திருந்த தசைக்கு வலுவேற்றினோம். பின்னர் ஒரு மாலையில் தாழை நீக்கினோம். செவலை வெளியே வந்து, நின்று, திரும்பிப் பாராமலே தெருவில் நடந்து சென்றது. சிறு நொண்டல் இருக்கிறது. அது நம் பிழையின் அடையாளம். இப்போது அது பெரும்பாலும் சாக்கு கொடுத்த அம்முதியவரின் வாயிலிலேயே படுத்திருக்கின்றது. நம்மைக் கண்டால் சற்று வாலாட்டும். நம் வீட்டுப் படியை மட்டும் ஏறுவதில்லை. அதற்காக நாம் வருந்துவதற்கில்லை.