தொண்டுக்கும் ஒரு பாடு முறை

பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக வழங்கிவருகிறது. இறால் நன்றாகக் கிடைக்கும் இடம் எவருக்கும் தனிச்சொத்து ஆவதில்லை. இன்று ஒருவர் முறை. அடுத்த நாள் இன்னொருவர் முறை. எங்கே, என்றைக்கு, யார் வலை கட்டுவது என்பதை ஊரே கூடி வகுக்கிறது. முறை மாறினாலும் வேலை நிற்பதில்லை. மாணவர்களின் தொண்டுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியே நுழையும் கடல்நீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் இறால் குஞ்சு உள்ளே வராது. படகு கடலுக்குப் போகாது. இதோடு பிளாஸ்டிக் குப்பையும் அறுந்த நைலான் வலைகளும் சேர்கின்றன. ஏரி நலிந்தால் கரையில் உள்ள அடுப்புகளும் அணைகின்றன.

இத்தகைய சிக்கல்களில் மாணவர்கள் கைகொடுப்பது புதிதல்ல. காந்தி நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீனவர்களோடு மாணவர்களும் வாளிகளால் அந்தக் கசடை அள்ளினார்கள்.

ஆபத்து வேளையில் ஓடிவருவது பெரிய குணம். ஆனால் நாள்தோறும் நிகழும் கேட்டுக்கு நாள்தோறும் உழைப்பு வேண்டும். அதற்குச் சான்று சென்னைக் கடற்கரையிலேயே இருக்கிறது. மீனவர்கள் 'பங்குனி ஆமை' என்று அழைக்கும் கடலாமையைக் காக்க 1988இல் மாணவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் முட்டையிடும் பருவத்தில் நள்ளிரவில் கடற்கரை நெடுக நடக்கிறார்கள். ஆமையின் தடம் பார்த்துக் கூட்டைக் கண்டுபிடித்து, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளையும் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் மணலில் புதைக்கிறார்கள். ஏறத்தாழ 45 நாளில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அன்று நடந்தவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், நடை நிற்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் அந்த முறையை ஏற்கிறார்கள்.

1986இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கி உலகெங்கும் பரவிய கடற்கரைத் தூய்மைப் பணியும் இன்னொரு பாடம் தருகிறது. அங்கே குப்பையை அள்ளுவதோடு, பொருள் வாரியாக எண்ணிக் குறித்தும் வைக்கிறார்கள். எந்தக் குப்பை, எவ்வளவு என்று தெரிந்தால்தான் அது வரும் வழியை அடைக்க முடியும்.

பழவேற்காட்டுக்கும் இதுவே வழி. ஒரு கல்லூரி ஒரு குப்பத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மாதந்தோறும் ஒரே இடத்தில் குப்பையை அகற்றி, எண்ணி, எழுதலாம். முகத்துவாரம் எப்போது தூர்கிறது, எந்த மீன் குறைகிறது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பதியலாம். நீரோட்டத்தை அவர்களைப் போல் அறிந்தவர் வேறு எவருமில்லை. படிப்பு முடிந்து போகும் மாணவர் அந்தக் குறிப்பேட்டை அடுத்து வருபவர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். அப்போது அந்தத் தொண்டும் ஊரின் பாடு முறையைப் போல நிலைத்து நிற்கும்.