அடைத்தவரின் கடன்

யாழ்ப்பாண நகரின் தென்கரையில், முன்னர் கரையூர் என்று வழங்கிய குருநகரில், பரவைக் கடல் தந்த மீனும் இறாலும் நண்டும் கணவாயும் நாள்தோறும் கரைசேர்கின்றன. அவ்வுயிர்கள் வலையில் படும் நோவு எவ்வளவு என்று எந்தக் குழுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. ஆனால் ஒரு மருத்துவ ஆய்வாளர் பத்து வெள்ளெலிகளைக் கொண்டு ஒரு மூலிகைச் சாற்றின் விளைவைச் சோதிக்க விரும்பினால், எலி எதற்கு, பத்து எதற்கு, அவை படக்கூடிய நோவு எத்தகையது, அதைத் தணிக்க எந்த மருந்து, முடிவில் உயிர் எவ்வழியில் பிரியும் என்ற வினாக்களுக்கெல்லாம் எழுத்தில் விடையளித்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே ஆய்வைத் தொடங்கலாம் என்பது இன்று உலகின் பல நாடுகளில் ஏற்கப்பட்ட நியதியாகும். மீனுக்கு இல்லாத இந்தக் கரிசனை எலிக்கு மட்டும் எப்படி வந்தது என்று ஒரு மீனவர் கேட்டால், அவ்வினாவை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதர் பிற உயிர்களுக்குக் கடன்படுவது எப்போது, எதனால் என்பதையே அது கேட்கின்றது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டும் போதுமானவையல்ல. மீன்பிடி பசி தீர்க்கும் தொழில், ஆய்வு அப்படியன்று என்பது முதல் விடை. ஆனால் நோயும் பசியைப் போலவே மனிதரைக் கொல்வது என்பதால் இந்த வேறுபாடு நிலைக்காது. எலி பாலூட்டி, ஆகவே அதிகம் உணரும் என்பது இரண்டாவது விடை. இதுவும் நாளுக்கு நாள் வலுவிழந்து வருகின்றது. நரம்பு வழியே மின்னசைவு எவ்வாறு கடந்து செல்கின்றது என்பதை ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் ஊசிக்கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்தே 1952இல் விளக்கினர். அப்பணிக்கு 1963இல் நோபெல் பரிசும் கிடைத்தது. அந்தக் கணவாய் இனத்தையே ஐரோப்பிய ஒன்றியம் 2010ஆம் ஆண்டில், ஆய்வுகளில் சட்டப் பாதுகாப்புப் பெறும் விலங்குகளின் வரிசையில் சேர்த்தது. குருநகர்ச் சந்தையில் கூறு போட்டு விற்கப்படும் அதே உயிரினம் ஐரோப்பிய ஆய்வுகூடத்தில் வலிநீக்கி மருந்துக்கு உரித்துடையதாகின்றது என்றால், இரண்டிடங்களுக்கும் உள்ள வேறுபாடு உயிரின் உணர்ச்சியில் இல்லை என்பது தெளிவாகின்றது.

வேறுபாடு அடைத்து வைத்தலில் உள்ளது. கடல்மீன் வலையில் படும் கணம்வரை தன் வாழ்வைத் தானே வாழ்ந்தது. இரை தேடவும் ஒளியவும் கூட்டத்தோடு சேரவும் பிரியவும் அதற்கு இயன்றது. மீனவர் அதற்குச் செய்வது அந்த வாழ்வின் முடிவு மட்டுமே. கூண்டில் பிறந்து கூண்டிலேயே இறக்கும் எலியின் நிலை வேறு. அது எப்போது ஒளி காணும், எந்த வெப்பத்தில் உறங்கும், யாரோடு சேர்ந்திருக்கும், தண்ணீர்ப் போத்தலின் முனை அடைபட்டால் எத்தனை மணித்தியாலம் தாகத்தோடு இருக்கும் என்பவை யாவும் மனிதர் தீர்மானிப்பவை. ஓருயிரின் சுதந்திரம் முழுவதையும் எடுத்துக்கொண்டவர், அச்சுதந்திரத்தால் அது தனக்குத் தானே தேடிக்கொண்டிருக்கக்கூடிய அனைத்தையும் தேடிக்கொடுக்கும் கடமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றார். மருத்துவ ஆய்வு நிறுவனங்களில் விலங்குப் பராமரிப்பையும், அது விதிகளுக்கு அமைய நடைபெறுவதையும் மேற்பார்வை செய்பவரின் பணிக்கு அடிப்படை இதுவே. தம்மை அடைத்தவர்களிடம் தமக்குரியதைக் கேட்டுப்பெற இயலாத உயிர்களின் சார்பில் அக்கடனை வசூலிப்பவர் அவர்.

இப்படி ஒருவர் வேண்டும் என்பதைச் சட்டம் மெதுவாகவே கற்றுக்கொண்டது. விலங்குகள் மீதான ஆய்வுக்கு உத்தரவுப் பத்திரம் வேண்டும் என்று 1876இல் பிரித்தானியா முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. 1959இல் ரசல், பர்ச் என்னும் இருவர் எழுதிய நூலொன்று, இன்று மூன்று நெறிகள் என்று உலகெங்கும் அறியப்படுபவற்றை வகுத்தது: விலங்கில்லாத வழி இருந்தால் அதையே கையாளுதல் மாற்றீடு, விலங்கு இன்றியமையாததாயின் மிகக் குறைந்த எண்ணிக்கையோடு நிறுத்துதல் குறைப்பு, பயன்படுத்தும் விலங்கின் நோவை இயன்றவரை தணித்தல் செம்மையாக்கம். இந்தியாவில், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்துக்கு வழிகோலியது. அச்சட்டத்தின்கீழ், பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தவும் மேற்பார்வையிடவும் 1964இல் ஒரு மத்திய குழு அமைந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டிய நெறிமுறைக் குழுவில் விஞ்ஞானிகளோடு ஒரு கால்நடை வைத்தியரும், நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவரும், அறிவியல் துறை சாராத சமூக அக்கறையுள்ள ஒருவரும் இடம்பெற வேண்டும் என்ற அந்நாட்டு விதி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஆய்வின் பயனை மட்டும் எடைபோடப் பழகிய கண்களுக்குப் படாத ஒன்று, பழகாத கண்ணுக்குப் படலாம் என்ற எண்ணம் அதில் உள்ளது. இலங்கையில் நூற்றாண்டுக்கும் மேலாக அடிப்படையாக நின்ற சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைக் கட்டளைச் சட்டமாகும். வண்டிமாடுகளும் சுமைவிலங்குகளும் வீதியெங்கும் நிறைந்திருந்த காலத்தில் எழுதப்பட்டு, நூறு ரூபாவை உச்சத் தண்டப்பணமாக விதித்த அச்சட்டம், ஆய்வுகூடக் கூண்டின் நுண்ணிய துன்பங்களைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டதன்று. ஆகவே இங்கு ஆய்வு விலங்கின் நலன் பெரும்பாலும் பல்கலைக்கழகக் குழுக்களின் நேர்மையிலும் தனிமனிதர்களின் மனச்சான்றிலும் தங்கியிருக்கின்றது.

குழுவின் ஒப்புதல் ஒருமுறை கிடைப்பது. விலங்கின் நோவோ நாள்தோறும் நிகழக்கூடியது. இந்த இடைவெளியில்தான் மேற்பார்வையின் உண்மையான வேலை இருக்கின்றது. எலி இரையாகும் விலங்கினத்தைச் சேர்ந்தது. நோயைக் காட்டிக்கொள்ளும் இரை விலங்கு முதலில் பிடிபடும் என்பதால், அது தன் நலிவை மறைக்கவே இயல்பாகப் பழகியுள்ளது. எனவே அதன் துன்பத்தை அறிய, பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். வெள்ளெலியின் கண்ணோரத்திலும் மூக்கருகிலும் செந்நிறக் கறை காணப்பட்டால், பழக்கமில்லாதவர் அதை இரத்தம் என்று எண்ணுவர். உண்மையில் அது கண்ணின் பின்னுள்ள சுரப்பியொன்று வெளியிடும் நிறப்பொருள். நலமுள்ள எலி முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்து அதை உடனுக்குடன் நீக்கிவிடும். நோயோ அச்சமோ கொண்ட எலியில் அது மிகுதியாகச் சுரக்க, துடைக்கும் ஊக்கமும் குன்றிவிடுவதால் கறை தங்கிவிடும். உரோமம் சிலிர்த்திருத்தல், முதுகு கூனுதல், நிறை குறைதல் ஆகியவையும் இத்தகைய குறிகளே. சுண்டெலியின் முகத்தில் வலியை வாசிக்கலாம் என்று 2010இல் கனடிய ஆய்வாளர்கள் காட்டினர். இடுங்கும் கண், புடைக்கும் மூக்கும் கன்னமும், பின்சாயும் காது, நிலைமாறும் மீசைமயிர் என்னும் ஐந்து குறிகளுக்குப் புள்ளியிட்டு நோவின் அளவை மதிப்பிடும் முறையை அவர்கள் வகுத்தனர். இக்குறிகள் எந்த எல்லையைக் கடந்தால் ஆய்வின் முடிவுக்குக் காத்திராமல் விலங்கைத் துன்பத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தல் மனிதநேய முடிவெல்லை எனப்படும். அந்த எல்லையை எழுதுவது எளிது. ஆய்வேடு சமர்ப்பிக்க ஒரு கிழமையே எஞ்சியிருக்கும் மாணவரிடம் சென்று, இந்த எலி எல்லையைக் கடந்துவிட்டது, இத்தோடு நிறுத்துங்கள் என்று சொல்வது கடினம். மேற்பார்வையாளரின் தகுதி அங்கேதான் தெரியவரும்.

ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் இதே நெறி நன்கு கைக்கொள்ளப்படுவதற்குத் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதன் பயன் யாழ்ப்பாணம்வரை வருகின்றது. வயலிலும் பனங்காணியிலும் நாகமும் விரியனும் புடையனும் சுருட்டையும் தீண்டியவர்களுக்கு இலங்கையின் வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் ஆக்கப்படுவது. சிறிதளவு நஞ்சு பல மாதங்களாகக் குதிரைகளுக்குப் படிப்படியாக ஏற்றப்பட, அவற்றின் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு மருந்தாகின்றது. அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியைத் தருவது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அது 1978இல் தொடங்கப்பட்டது. அங்கு பிடிக்கப்படும் பாம்பு மணலிட்ட மண்பானையில் துணியால் வாய் மூடி வைக்கப்பட்டு, மூன்று கிழமைக்குள் நான்கு தடவை மட்டும் நஞ்சு எடுக்கப்பட்டபின் மீண்டும் காட்டில் விடப்படுகின்றது. அடிவயிற்றுச் செதிலில் இடப்பட்ட சிறு அடையாளத்தைக் காணும் இருளர், அண்மையில் நஞ்சு தந்த பாம்பு எது என்று அறிந்து அதனை விட்டுவிடுகின்றனர். எத்தனை நாள் அடைக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், எப்போது விடவேண்டும் என்ற மூன்றுக்கும் வரையறை உண்டு என்பதும், அவ்வரையறை காக்கப்பட்டது என்பதற்கு விலங்கின் உடலிலேயே சான்று உண்டு என்பதும் இம்முறையின் சிறப்பாகும். யாழ்ப்பாணத்தில் பாம்புக்கடியிலிருந்து உயிர் பிழைத்தவர் ஒருவர், தாம் காணாத ஒரு பானையிலிருந்த பாம்புக்கும் தாம் காணாத ஒரு லாயத்திலிருந்த குதிரைக்கும் கடன்பட்டவராவார்.

இவ்விடத்தில் ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நல்ல பராமரிப்பு, தேவையற்ற ஆய்வுக்குப் போர்வையாகிவிடலாம். விதிகளெல்லாம் நிறைவேறின, கூண்டு தூய்மையாக இருந்தது, பதிவேடு ஒழுங்காக இருந்தது என்பதனால், நடந்த ஆய்வு நடந்திருக்க வேண்டியது என்று ஆகிவிடாது. வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியின் வரலாறு இதற்குச் சான்று. டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய முறைப்படி, செம்மறியாட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்து, அம்மூளையிலிருந்து ஊசிமருந்து ஆக்கப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையம் உட்படப் பல இடங்களில் அது நெடுங்காலம் நடைபெற்றது. ஆடுகளோடு, ஊசி பெற்ற மனிதருள் சிலரும் நரம்புப் பாதிப்பால் துன்புற்றனர். கண்ணாடிக் கலங்களில் வளர்க்கப்படும் உயிரணுக்களிலேயே தடுப்பூசியை ஆக்கலாம் என்று தெரிந்த பின்னரும் பழைய முறை தொடர்ந்து, 2004இன் இறுதியில்தான் இந்தியாவில் முற்றாகக் கைவிடப்பட்டது. மாற்றுவழி கண்ணெதிரே இருக்கும்போது பழைய வழியை எவ்வளவு நேர்த்தியாக மேற்பார்வை செய்தாலும் அந்த நேர்த்தி கடனைத் தீர்க்காது. ஆகவே மூன்று நெறிகளுள் மாற்றீடு முதலில் நிற்பது தற்செயலன்று. மேற்பார்வையாளர் தம் கூண்டுகள் சிலவேனும் வெறுமையாவதற்கு உழைப்பவராக இருக்க வேண்டும்.

வறிய நாட்டில், நெருக்கடிகளுக்குப் பழகிய ஒரு குடாநாட்டில், இக்கடன் மேலும் கனமாகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. மனிதர் சன்னலைத் திறக்கலாம், முற்றத்து நிழலில் அமரலாம். அடைத்த அறையிலுள்ள எலிக்கு மின்விசிறி நின்றால் போக்கிடம் இல்லை. செல்வமிக்க நாடும் இதிலிருந்து தப்பியதில்லை. 2012இல் சாண்டிப் புயல் நியூயோர்க்கைத் தாக்கியபோது, அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவ நிலையமொன்றின் நிலக்கீழ் அறைகளில் ஆயிரக்கணக்கான எலிகள் வெள்ளத்தில் மூழ்கி இறந்தன. கடல்மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்த யாழ்ப்பாணத்தில் விலங்கறை எந்த உயரத்தில் அமையும், மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் எத்தனை நாளுக்கு இருக்கும், ஊரடங்கு நாளில் தீவனம் போட யார் வருவார் என்பவை நிருவாகச் சில்லறைகளாகத் தோன்றினும், அடைத்தவரின் கடன் சோதிக்கப்படும் இடங்கள் இவையே. இவற்றுக்கு விடை சொல்ல இயலாத நிறுவனம், அதன் ஆய்வு எவ்வளவு உயர்ந்ததாயினும், விலங்குகளை அடைத்து வைக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.

தீவனம் போடும் அந்தப் பணியாளரின் மனத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாம் வளர்த்ததைத் தாமே கொல்ல அல்லது கொல்லக் கொடுக்க வேண்டியவர் அவர். நாளடைவில் அத்தகையோருள் சிலர் மரத்துப்போகின்றனர். சிலர் உள்ளுக்குள் உடைகின்றனர். யப்பானிலும் கொரியாவிலும் ஆய்வு நிறுவனங்கள் ஆண்டுதோறும் இறந்த விலங்குகளுக்காக நினைவுச் சடங்கு நடத்துகின்றன. அச்சடங்கு விலங்குக்கு ஒன்றும் திருப்பித் தராது என்பது உண்மையே. ஆயினும் எடுத்துக்கொண்டது ஓர் உயிர் என்பதை எடுத்தவர் மறவாதிருக்க அது துணை செய்கின்றது. பரிவோடு வளர்த்துப் பின் கொல்வது போலித்தனம் என்று சிலர் கருதுவர். பரிவு இல்லாமல் கொல்வதே எளிதாகும். எளிதாகிவிட்ட இடத்தில் எண்ணிக்கை பெருகும், வலிநீக்கி மறக்கப்படும், மாற்றுவழி தேடப்படாது. கொல்ல நேரும் கை சற்றுத் தயங்க வேண்டும் என்பதற்காகவே பரிவு காக்கப்பட வேண்டியதாகின்றது.

அடைத்தவரின் கடன் என்ற இந்நெறி ஆய்வுகூடத்தோடு நிற்பதன்று. கோழிக்கூட்டுக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும், யாழ்ப்பாணக் கடலோரங்களில் பெருகிவரும் நீருயிர்ப் பண்ணைகளுக்கும் அது பொருந்தும். எங்கெல்லாம் மனிதர் ஓருயிரைப் பிடிப்பதோடு நிற்காமல் அதன் வாழ்நாளையே தம் கையில் எடுக்கின்றனரோ, அங்கெல்லாம் அக்கடன் பிறக்கின்றது. மருந்து உண்ட ஒவ்வொருவரும் அதில் பங்காளி என்பதால், அதைத் தீர்க்கும் பொறுப்பை ஒரு மேற்பார்வையாளரின் மனச்சான்றில் மட்டும் சுமத்திவிட்டு ஏனையோர் விலகிவிட முடியாது. 1907ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக ஆய்வு விலங்குகளையும் உள்ளடக்கிய தெளிவான சட்டம் வேண்டும். மருத்துவ மாணவர் விலங்கைத் தொடுமுன் அதன் நோவை வாசிக்கக் கற்றிருக்க வேண்டும். விலங்கறைப் பணியாளருக்குப் பயிற்சியும் மதிப்பும் போதிய ஊதியமும் வேண்டும். நிறுத்துங்கள் என்று சொல்லும் மேற்பார்வையாளரின் சொல், பேராசிரியரின் சொல்லையும் மீறி நிற்கும் அதிகாரம் பெற வேண்டும். இவற்றைக் கேட்பது ஆய்வுக்குப் பகையாவதன்று. பிற உயிரின் வாழ்வைக் கொண்டு தம் வாழ்வை நீட்டித்துக்கொள்ளும் ஒரு சமுதாயம், அதைச் செய்தபின்னும் அறமுடையதாக இருக்க விரும்பினால் செலுத்த வேண்டிய குறைந்த அளவு விலை இதுவே.