சும்மா சுமந்த சாந்து

நாசரேத்தூர்த் தச்சர் யாருக்காவது ஒரு நுகத்தடியைக் காசு வாங்காமல் செய்துகொடுத்தாரா? நான்கு சுவிசேஷங்களிலும் தேடிப் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு வரி கிடையாது. நோய் தீர்த்ததற்கு அவர் காசு வாங்கவில்லை. பிரசங்கத்துக்கும் மலையடிவாரத்தில் கொடுத்த அப்பத்துக்கும் வாங்கவில்லை. உளி பிடித்த வருஷங்களைப் பற்றி மட்டும் வேதம் வாய் திறப்பதில்லை. வேலை செய்தார், கூலி வாங்கினார், வீட்டுக்கு மாவும் எண்ணெயும் வாங்கிப்போட்டார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பவுலும் அப்படித்தான். கொரிந்துவில் அவர் கூடாரம் செய்தது, தன் சாப்பாட்டுச் செலவைச் சபையின் தலையில் வைக்காமல் இருப்பதற்காக.

இந்த யோசனை எனக்கு வேதபாடத்திலிருந்து வரவில்லை, தொழிலிலிருந்து வந்தது. கட்டட மேற்பார்வை பார்த்தே தலை நரைத்தவன் நான். சொந்த ஊர் களியக்காவிளைக்குக் கிழக்கே, வேலையெல்லாம் திருவனந்தபுரத்தில். ஓய்வுக்குப் பிறகு சபைக் கட்டடங்களைச் சும்மா பார்த்துக்கொடுக்கிறேன். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு சபை (பெயர் வேண்டாம்) ஞாயிறு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூடம் கட்டியபோது, கடல் கடந்து ஒரு கூட்டம் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு வாரம் கர்த்தருக்காக உடலால் உழைப்பது அவர்கள் எண்ணம். கையில் உறை, தலையில் தொப்பி, மூக்கின் மேல் வெள்ளையாக ஒரு களிம்பு. நல்ல பிள்ளைகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவர்களைக் கேலி செய்வது மிகச் சுலபம்.

செங்கலை நனைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. சட்டியில் விளிம்புவரை சாந்தை நிரப்பி, நாலு எட்டு வைத்து, பாதியைத் தரைக்குக் கொடுத்தார்கள். அதெல்லாம் யாருக்கும் முதலில் நடப்பதுதான், நான் பொருட்படுத்தவில்லை. என்னை உறுத்தியது கமிட்டி செய்த ஏற்பாடு. இலவசமாகக் கை கிடைக்கிறதே என்று, வழக்கமாக மைக்காட்டு (கொத்தனுக்குக் கையாள்) வேலைக்கு வரும் பெண்களை 'பிறகு கூப்பிடுகிறோம்' என்று அனுப்பிவிட்டார்கள். நாட்டிலேயே கட்டடக் கூலி அதிகம் இங்கேதான். ரிசர்வ் வங்கிக் கணக்கின்படி 2022-23இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளிக்குக் கேரளத்தில் நாளொன்றுக்குச் சராசரி 852 ரூபாய், இந்திய அளவில் 393. பெண்களுக்குக் கொடுப்பது எப்போதும் இதைவிடக் குறைவு, அது வேறு கதை. பொருளாளருக்கு அந்த இரண்டு வாரம் மிச்சம். அந்தப் பெண்களுக்கு அது அரிசிக்கடைப் பாக்கி.

மேஸ்திரி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சாரே, இவனுவளுக்க பிளேன் டிக்கெட்டு எவ்வளவு வரும்?" தோராயமாகச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலே மனக்கணக்குப் போட்டார். "அந்தக் காசுக்கு மேல ஒரு மாடியும் கெட்டிரலாமே."

எல்லோரும் சொல்கிற கணக்கு இது. கணக்காக அதில் பிழையில்லை. ஆனாலும் நான் அதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. 1920இல் பிரான்சின் வெர்டன் அருகே, போரில் தரைமட்டமான ஒரு கிராமத்தைத் திரும்பக் கட்ட, பகைநாட்டு இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு போனவர் பியேர் செரெசோல். சுவிட்சர்லாந்துப் பொறியாளர், ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறை போன கிறிஸ்தவர். 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு சில தோழர்களோடு இந்தியாவுக்கும் வந்து வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டினார். யுத்தம் ஒரு இளைஞனிடம் அவன் உடம்பையே கேட்கிறது. சமாதானம் மட்டும் மணியார்டரோடு திருப்திப்பட வேண்டுமா என்பது அவர் வழி நடந்தவர்களின் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மண் சுமப்பது இன்ன சாதிக்கு என்று வகுத்து வைத்திருந்த ஊரில், சுமக்க அவசியமே இல்லாத ஒருவன் சுமப்பதைப் பார்ப்பதில் ஏதோ இருக்கிறது. டிக்கெட் பணத்தை வங்கியில் போட்டிருந்தால் அதைப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் இதே ஊரில் கூலியில்லா உழைப்புக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. பழைய திருவிதாங்கூரில் ஊழிய வேலை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக் கிழவிகளைக் கேட்டால் போதும், அவர்கள் பாட்டிமார் சொன்னதைச் சொல்வார்கள். அரசாங்கத்துக்கும் கோவிலுக்கும் விறகு, ஓலை, உப்பு சுமக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும், கூலி கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனரிகள் காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையிலிருந்து விலக்குக் கிடைத்தது. சட்டப்படி அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1855இல். எங்கள் முன்னோர் விசுவாசத்தால் மட்டுமே ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று சபை மலர்களில் எழுதுவோம். வாரத்தில் ஒரு நாளாவது முதுகு நிமிரும் என்பதும் ஒரு காரணம்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கர்த்தருக்கும் இருக்காது. மைக்காட்டுக்கு வரும் அந்தப் பெண்கள் சனிக்கிழமை மாலை கையில் வாங்கும் நோட்டு, அவர்களுடைய கொள்ளுப்பாட்டிகளுக்கு யாரும் நீட்டாத நோட்டு. அதைத் தேவன் பெயரால் நிறுத்தி வைப்பது எனக்கு அபசாரமாகப் பட்டது.

மிஷன் என்று வந்து உடலுழைப்பைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவர் நான் வேலை பார்த்த நகரத்திலேயே இருந்தார். லாரி பேக்கர், பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்த குவேக்கர். 1945இல் தொழுநோயாளர்களுக்கான மிஷனின் கட்டட வேலைக்கு இந்தியா வந்தவர், பித்தோராகட் மலையில் நெடுங்காலம் இருந்து, பிறகு திருவனந்தபுரத்தில் நாலாஞ்சிறையில் குடியேறினார். 1989இல் இந்தியக் குடியுரிமை. 2007இல் இங்கேயே மறைந்தார். தம்பானூரில் அந்தச் சுருள் சுருளான இந்தியன் காபி ஹவுஸில் மசால்தோசை சாப்பிட்டவர்களுக்கு அவரைத் தெரியும். செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். மிச்சப்படுத்தியது செங்கலையும் சிமெண்டையும் கம்பியையும்தான். கூலியை அவர் மிச்சப்படுத்தவில்லை. கட்டடத்துக்குச் செலவாகும் பணம் ஆலைக்குப் போவதைவிட ஆள் கைக்குப் போகட்டும் என்பது அவர் நிலை. மலைக்கிராமத்துக் கொத்தனிடம் தொழில் கற்றுக்கொள்ள அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. இரண்டு வாரத்தில் ஊர் திரும்பவும் இல்லை. இதில் எது முக்கியம் என்று கேட்டால், கற்றுக்கொண்டதுதான் என்பேன்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிச் செங்கன்னூர்ப் பக்கம் போனார்கள். அதுவும் கூலி எதிர்பாராத உடலுழைப்புதான். ஆனால் அவர்கள் தண்ணீரில் வள்ளம் செலுத்தப் போனார்கள், சுவர் கட்டப் போகவில்லை. அந்த நாட்களில் வேறு யாருடைய பிழைப்பையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவுமில்லை.

இதையெல்லாம் கமிட்டிக் கூட்டத்தில் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். சத்தம் போட்டேன். பெண்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், கூலி கொடுங்கள், வந்த பிள்ளைகள் அவர்களுக்குக் கீழே கையாளாக நிற்கட்டும் என்றேன். ஒரு மூப்பர், விருந்தாளிகளை அவமானப்படுத்துவதா என்று வருத்தப்பட்டார். பெரிய வியாழனன்று இயேசு கால் கழுவ வந்தபோது பேதுருவும் இப்படித்தான் காலை இழுத்துக்கொண்டான் என்றேன். பொருத்தமான உதாரணமா என்று தெரியவில்லை, ஆனால் அவர் அதற்குமேல் பேசவில்லை.

பெண்கள் வந்தார்கள். சாந்தை எவ்வளவு நிரப்புவது, சும்மாட்டை எப்படிச் சுருட்டுவது, சாரத்தில் எந்தக் காலை முதலில் வைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒரு பையன், நெடுநெடுவென்று இருந்தவன், கடைசிவரை சும்மாட்டில் சட்டியை நிறுத்தக் கற்கவில்லை; அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன்னால் இங்கே என்ன பயன் என்று என்னிடம் ஒருமுறை கேட்டான். உண்மையைச் சொன்னேன்: சுவருக்குப் பெரிதாக இல்லை. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் செங்கல் நனைக்கிற தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது மூத்த பெண் ஒரு வழக்குக் கொண்டுவந்தார். "சாரே, நான் என் வேலையும் செய்தேன், இதுகளுக்குப் படிச்சும் கொடுத்தேன். அதுக்குக் கூலி இல்லியா?" பொருளாளர் என் முகத்தைப் பார்த்தார். நியாயம்தான், கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்றேன். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். சபைக் கணக்கில் மிஷனரிச் செலவு என்று ஒரு தலைப்பு உண்டு, வருஷம் முழுக்கக் காலியாகவே கிடப்பது. அதில் எழுதச் சொன்னேன்.