சுமைதாங்கியும் அருளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகளின் ஓரத்திலே சுமைதாங்கிகள் சில இன்றும் எஞ்சி நிற்கின்றன. நிலைக்குத்தாக நாட்டிய இரு கற்களின்மேல் குறுக்கே ஒரு கல். அல்லது அதே வடிவில் அமைந்த சுண்ணச்சாந்துக் கட்டு. உயரம் ஏறத்தாழ ஆளின் தோள்மட்டம். அருகே ஒரு கேணியோ மடமோ, கால்நடைகள் உடலை உராய்ந்துகொள்ள ஓர் ஆவுரோஞ்சிக்கல்லோ இருப்பதுமுண்டு. கடகத்திலே மரக்கறியும் மீனும் சுமந்து சந்தைக்கு நடந்தே சென்ற மக்களுக்காக இவை எழுந்தன.

தலைச்சுமையின் இடர் அதன் பாரத்தில் மாத்திரம் இல்லை. தனியே செல்பவர் சுமையை நிலத்தில் இறக்கிவிட்டால் அதனை மீண்டும் தலையில் ஏற்ற இன்னொருவர் வேண்டும். ஆளரவமற்ற வழியில் களைத்தவர் களைப்போடேயே நடக்க வேண்டியவராகின்றார். அந்த இன்னொருவருடைய இடத்திலேதான் சுமைதாங்கி நிற்கின்றது. அதன்மேல் சுமையைச் சரித்து வைக்கலாம். இளைப்பாறியபின் துணையின்றித் தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

கருவுற்ற நிலையிலோ மகப்பேற்றின்போதோ இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி அமைப்பது தமிழர் வழக்கங்களுள் ஒன்று. இறக்கப்படாத சுமையோடு போனவளின் ஆன்மா, பிறர் சுமை இறங்கும்போது ஆறுதல் பெறும் என்பது நம்பிக்கை. இதனைக் கருணை எனக் கொள்ளலாமா என்று வினவுவோர் உளர். இறந்தவளின் நற்கதியை நாடிச் செய்த செயல் ஒருவகைக் கொடுக்கல்வாங்கலே. அவளது ஆவி பற்றிய அச்சமும் அதிற் கலந்திருக்கலாம். வழிப்போக்கரின் கழுத்துவலி கட்டியவரின் நெஞ்சில் இருந்ததேயில்லை என்பர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. ஆயினும் துயருற்ற ஒரு குடும்பம் தன் துயரை ஆற்றுதற்குப் பிறர் துயரைத் தணிக்கும் வழியைத் தேர்ந்தமை தற்செயலானதன்று. கல்லறையை மட்டும் எழுப்பியிருக்கலாம். அதனால் எவருடைய தலைப்பாரமும் குறைந்திராது.

திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்பது பரிமேலழகர் காட்டும் வேறுபாடு. இந்தப் பகுப்பைக் கண்டிப்பாகக் கொண்டால், இல்லறத்தார்க்கு அருள் எட்டாத பொருளாகிவிடும். ஆனால் வள்ளுவரே பொருளின் சிறப்பைக் கூறுமிடத்தில் அருளை அன்பின் குழவியாக்கி, அதனை வளர்க்கும் செவிலியாகப் பொருளைக் குறிப்பிட்டுள்ளார். சுமைதாங்கி இக்கூற்றுக்கு வாய்த்த சான்று எனலாம். மனைவியிடத்தோ மகளிடத்தோ கொண்ட அன்பு, அவளை இழந்தபின், முகமறியாதார்பால் அருளாகத் திரும்புகின்றது. அதற்குத் துறவு வேண்டப்படவில்லை. கொஞ்சம் கல்லும் சாந்தும், கொத்தனுக்குக் கொடுக்கக் கூலியும் வேண்டப்பட்டன.

எனினும் இதே மண்ணிலே வேறொரு காட்சியும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பிறர் கிணற்றிலே தாமாக நீர் அள்ளுதல் மறுக்கப்பட்டிருந்தது. வாளியோடும் குடத்தோடும் காத்து நின்று, அள்ளித் தருபவர் வரும்வரை பொறுத்திருந்தனர். தாகத்தோடு வந்தவருக்கு ஏந்திய கையிலோ சிரட்டையிலோ நீர் ஊற்றப்பட்டது. ஊற்றியவருள் மனமிரங்கியே ஊற்றியோரும் இருந்திருப்பர். அவ்விரக்கத்தைப் பொய் என்று கூறவேண்டியதில்லை. நீரும் நல்ல நீர்தான். ஆயினும் தாகம் தீர்ந்த அதே கணத்தில் குடித்தவரின் மனிதத்தன்மை குறைக்கப்பட்டது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடைகளிலும் ஆலய வாயில்களிலும் அறுபதுகளின் இறுதிவரை போராட்டம் வேண்டியிருந்தது. போராடியவர்கள் எவருடைய இரக்கத்தையும் கேட்கவில்லை. மற்றவர் குடிக்கும் குவளையையே கேட்டனர்.

இங்கே கருணையை அளக்கும் கோல் எது என்னும் வினா கூர்மை பெறுகின்றது. உள்ளத்து உணர்ச்சி ஒன்றே கோலாயின் சிரட்டையில் நீர் வார்த்தவரும் கருணையாளரே. பயன் ஒன்றே கோலாயினும் அவர் தேறிவிடுகின்றார். ஆகவே மூன்றாவதொன்றையும் கேட்க வேண்டியுள்ளது: பெறுபவர் எந்த நிலையில் நின்று பெறுகின்றார்? கை ஏந்துபவர் குனிகின்றார். சுமைதாங்கியை நாடுபவரோ நிமிர்ந்தபடியே சுமையை வைக்கின்றார். அக்கல் குலம் வினவுவதில்லை. நன்றியை எதிர்பார்த்து நிற்பதுமில்லை. கட்டியவர் அங்கில்லாமையே அக்கொடையின் சிறப்பு என்றுகூடச் சொல்லலாம். தருமத்தைக் காட்டிலும் பெரிய எழுத்திலே தருமகர்த்தாவின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இதற்கு நேர்மாறானது. அதுபற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

இதனோடு ஒத்த ஒரு நிலையை ரிச்சர்ட் டிட்மஸ் என்னும் ஆங்கிலச் சமூகவியல் அறிஞர் இரத்ததானத்திற் கண்டார். 1970 இல் வெளிவந்த அவரது நூல், விலைக்கு வாங்கும் இரத்தத்தைவிட விரும்பி வழங்கும் இரத்தமே சமூகத்துக்கு நலந் தருவது என வாதிட்டது. அங்கும் கொடுத்தவர் பெற்றவரை அறியார்; பெற்றவரும் கொடுத்தவர் முன் கைகட்டி நிற்க வேண்டியவரல்லர். இருவரையும் இணைப்பது அறிமுகமன்று, நம்பிக்கை. என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் வருவார் என்று நம்பி ஒருவர் கல்லை நாட்டுகின்றார். வழியில் ஓரிடத்திற் கல் இருக்கும் என்று நம்பி இன்னொருவர் விடியுமுன் சுமையோடு புறப்படுகின்றார். சமய நம்பிக்கை என்று பெருமையோடு பேசப்படுவதன் அடியில் இத்தகைய சிறு நம்பிக்கைகளே கிடக்கின்றன. கண்டிப் பகுதியின் அம்பலங்களும், சிங்களக் கிராமங்களில் வழிப்போக்கருக்காக நீர்க்குடம் வைக்கும் பிங்தாலிய என்னும் அமைப்பும் இதே நம்பிக்கையில் எழுந்தவையே. ‘அம்பலம்’ என்ற சொல்லும் தமிழ்ச் செவிக்குப் புதியதன்று.

இன்று சுமைதாங்கியில் எவரும் சுமை வைப்பதில்லை. விளம்பரத்தாள் ஒட்டுவதற்கு அது பயன்படுகின்றது. வீதி அகலும்போது பெயர்க்கவும் படுகின்றது. சந்தைக்குப் போகும் முதியவள் பேருந்தில் வருகின்றாள். தரிப்பிடத்தில் இறங்கியதும் சாக்குமூட்டையைப் பார்க்கின்றாள், சுற்றிலும் பார்க்கின்றாள், பின்னர் அருகில் நிற்கும் இளைஞனிடம், “மோனை, இதை ஒருக்காத் தூக்கிவிடு” என்கின்றாள். அவன் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூட்டையை அவள் தலையில் ஏற்றுகின்றான். எந்த ஊர், யார் மகன் என்று அவள் கேட்கவில்லை. அவனுடைய பேருந்தும் வந்துவிட்டது.