காணாததும் இல்லாததும்

ஒன்றைக் காணவில்லை என்பதும் அது இல்லை என்பதும் ஒன்றா? இந்தியத் தருக்கத்தில் இது நெடுநாள் வழக்கு. தரையைப் பார்க்கிறோம், குடம் இல்லை என்கிறோம். கண் காட்டியது தரையை மட்டும்தான். அந்த ‘இல்லை’ எந்த வழியாக வந்தது? குமாரிலர் வழிவந்த மீமாம்சகர்கள் காணாமையையே தனி அளவையாக, அதாவது அறிவு வரும் தனி வழியாக, வைத்தார்கள். நையாயிகர்கள் அதைக் காட்சிக்குள் அடக்கினார்கள். பிரபாகரர் வழியினரோ, இன்மை என்று தனியாக ஒன்று கிடையாது, வெறுந்தரைதான் உண்டு என்று கதவைச் சாத்தினார்கள். மணிமேகலையில் சொல்லப்படும் பத்து அளவைகளிலும் அபாவம், அதாவது இன்மை, ஒன்று. குடத்தை வைத்தே இதைப் பேசிக்கொண்டிருந்தால் கொட்டாவிதான் வரும். பழைய பிக்-அப் வண்டியின் பின்விளக்கை வைத்துப் பேசினால், யார் சொன்னது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது கையோடு தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 1973 முதல் 1987 வரை வந்த ஷெவ்ரலே சி-கே வரிசை பிக்-அப்பை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் வண்டி. கரண்ட் வயர் வழியாகப் போகும். திரும்பி வருவது பெரும்பாலும் வண்டியின் இரும்பு வழியாக. பின்விளக்கில் 1157 என்ற எண்ணுள்ள பல்பு. அதற்குள் இரண்டு இழைகள். சின்ன இழை பார்க் லைட்டுக்கு, அதற்குப் பழுப்பு வயர். பெரிய இழை பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பொது. இடப்பக்கம் மஞ்சள் வயர், வலப்பக்கம் கரும்பச்சை. இரண்டு இழைகளின் மறுமுனையும் பல்பின் பித்தளை அடியில் ஒன்றுசேர்ந்து, ஹோல்டர் வழியாக எர்த்துக்குப் போகின்றன. மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்த உப்புநீர் வருஷக்கணக்கில் பட்டு, எர்த் திருகின் அடியில் துரு பிடிக்கிறது. பிறகு ஒருநாள் பிரேக்கை மிதித்தால் இடப்பக்கப் பிரேக் லைட் எரிவதில்லை. பதிலுக்கு, அணைத்து வைத்திருக்கும் பார்க் லைட்டுகள் மங்கலாக மினுங்குகின்றன. மஞ்சள் வயரில் வந்த கரண்ட் பெரிய இழையைக் கடந்து பித்தளை அடிக்கு வருகிறது. எர்த் கிடைக்காமல் சின்ன இழைக்குள் பின்வாசலாக நுழைந்து, பழுப்பு வயரில் எதிர்த்திசையில் ஓடி, எர்த் நன்றாக இருக்கும் மற்ற விளக்குகள் வழியாக வெளியேறுகிறது. பார்ப்பவர் ஏதோ வயர் மாறிச் சேர்ந்துவிட்டது என்பார். சேர்ந்தது ஒன்றுமில்லை, ஒரு வழி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே பிரபாகரர் கட்சி எழுந்து நிற்கும். துரு என்பது உள்ள பொருள்தானே, அதையே காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, இன்மையை ஏன் இழுக்க வேண்டும்? இன்னொரு வண்டியில் துருவே இருக்காது. வண்டியின் பின்பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர் அதன் மேலேயே திருகை முடுக்கியிருப்பார். மூன்றாவதில் வயர் அறுந்திருக்கும். துருவைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திருகைச் சரியாக முடுக்காமல் விட்டாலும் விளக்கு எரியாது. உள்ள பொருள்கள் வேறுவேறு, விளைவு ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுவானது வழி இல்லாமைதான். ஆனால் ஒன்றை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பார்க் லைட்டை மினுங்க வைத்தது பேட்டரி. இன்மை எதையும் எரிப்பதில்லை. இருக்கும் கரண்ட் எங்கே போகும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. இன்மையைக் காரணம் என்று சொல்ல இவ்வளவு போதும் என்பது என் கட்சி.

அந்த இன்மையை அறிவது எப்படி என்பதுதான் இன்னும் சுவையான இடம். துரு முழுதாக வழியை மறிக்காமல், 6 ஓம் அளவுக்கு மட்டும் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல்பைக் கழற்றி, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் மஞ்சள் வயர் முனையிலும் மறுமுனையை ஹோல்டரின் ஓட்டிலும் வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். குறை எதுவும் காணவில்லை. ஆனால் அந்த மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம்; அது இழுக்கும் கரண்ட் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதற்கு 6 ஓம் துரு உறைக்காது. பல்பு முழுதாக எரிய 2 ஆம்பியர் வேண்டும். எரியும் இழையின் தடையே ஏறக்குறைய 6 ஓம்தான். ஆக வோல்ட்டில் பாதிக்குப் பக்கம் துருவிலேயே போய்விடும், விளக்கு சிவந்து மங்கும். பல்பைத் திரும்ப மாட்டி, பிரேக் மிதித்திருக்கும்போதே ஹோல்டர் ஓட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் அதே மீட்டரை வைத்தால், கிட்டத்தட்ட பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் பல வோல்ட் நிற்கும். முதல் முறை அதே மீட்டர் ஒன்றும் காணாதது பொய்யில்லை. குறை இருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும் நிலையில் அது வைக்கப்படவில்லை.

இந்த நிபந்தனையை 7ஆம் நூற்றாண்டின் பௌத்தர் தர்மகீர்த்தி வகுத்து வைத்திருக்கிறார்: இருந்தால் தென்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க பொருள் தென்படாதபோதே அது இல்லை என்று முடிவு கட்டலாம். ஈசுவரனை மறுத்த அவரும், நியாயகுசுமாஞ்சலி என்ற நூலில் ஈசுவரனை நிறுவப் புறப்பட்ட நையாயிகர் உதயனரும் இந்த ஒரு புள்ளியில் ஒத்துப்போகிறார்கள். கடவுளைக் காணோம், ஆகவே இல்லை என்ற சார்வாகனுக்கு உதயனர் தந்த பதில் குறும்பானது: வீட்டை விட்டு வெளியே வந்தவன் மனைவி மக்களைக் காணாமல், அவர்கள் இல்லாமலே போய்விட்டார்கள் என்று அழ வேண்டியதுதானே?

இப்படிப் போனால் வேதாளத்தையும் மறுக்க முடியாதே என்பது நியாயமான தடை. காணத்தகாதது என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் எதுவும் தப்பித்துக்கொள்ளும். உண்மைதான், ஆனால் தப்பித்தது நிறுவப்பட்டதாகாது. உதயனருக்கும் இது தெரியும். அதனால்தான் உலகம் செய்யப்பட்ட பொருள், செய்தவன் வேண்டும் என்ற வாதங்களைத் தனியே அடுக்குகிறார். அங்கே தர்மகீர்த்தி தரப்பு கேட்பது மெக்கானிக்கின் கேள்விதான். ஹோல்டரிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு தனி வயர் கொடுத்தால் விளக்கு பளிச்சென்று எரிகிறது, எடுத்தால் மங்குகிறது. ஆகவே எர்த்தில் குறை. என்றும் எங்கும் மாறாமல் இருக்கும் ஒன்றை எடுத்துப் பார்ப்பது எப்படி?

கடவுள் என்ன, கழற்றி மாட்டுகிற உதிரிப் பாகமா என்று பக்தர் கேட்கலாம். கேட்கட்டும், அந்தத் தடையை நான் ஏற்கிறேன். ஆனால் வேண்டினேன், நோய் தீர்ந்தது, ஆகவே அவன் இருக்கிறான் என்று சொல்லும்போது மீட்டரை எடுத்து வைத்தவர் அவரேதான். வேண்டாதவருக்கும் அதே நோய் தீர்ந்ததா என்று பிறகு கேட்டால் அபசாரம் என்று கோபிக்க அவருக்கு இடமில்லை. வேண்டினேன், தீரவில்லை, ஆகவே இல்லை என்று கைவிட்டவர் நிலையும் வேறல்ல. இருந்திருந்தால் தீர்த்தே ஆகவேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார்கள் என்பதை அவர் முதலில் காட்ட வேண்டும்.