செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சற்று நடந்தால் ஃபேரர் பார்க் திடல். பந்து விளையாடும் இடம் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி, சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டாம் நாள், சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்கள் இங்கே ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பிறகு சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சிலர் கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று மறுத்துத் துன்பப்பட்டார்கள். யார் செய்தது தர்மம்?

இதே கேள்வி 27 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு எழுந்தது. காலனி அரசின் காவற்படைக்கு இரண்டு வேலை: வெளிப்பகையைத் தடுப்பது, உள்ளூரில் கலகம் வந்தால் அடக்குவது. 1915-ல் பிரிட்டிஷ் பட்டாளம் கிளம்பிவிட, பொறுப்பு பெரும்பாலும் 5-ஆம் இலகு காலாட்படை என்ற இந்தியப் படையின் தலையில் விழுந்தது. அவர்கள் வட இந்திய முஸ்லிம்கள். ஹாங்காங் போகக் கப்பல் காத்திருந்தது. ஆனால் துருக்கியரை எதிர்த்துச் சண்டை போட அனுப்புகிறார்கள் என்ற வதந்தி பரவியது. பிப்ரவரி 15 அன்று, கலகத்தை அடக்க வேண்டிய படையில் ஒரு பகுதியே கலகம் செய்தது. வழியில் அகப்பட்ட, ஆயுதம் இல்லாதவர்களும் கொல்லப்பட்டார்கள். பின்பு ஊட்ரம் சிறைச் சுவருக்கு வெளியே, ஊர் பார்க்க, 40-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அவர்கள் நம் சமயத்தவர் அல்லர். கேள்வி நம்முடையதுதான். உண்ட சோற்றுக்காகக் கர்ணன் துரியோதனனோடு நின்றான். விபீஷணன் அண்ணனை விட்டு விலகினான். கும்பகர்ணன், "நீ செய்தது தப்பு" என்று ராவணனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போருக்குப் போனான்.

எனக்குத் தோன்றுவது இது. சோறு போட்டவருக்கு உழைப்பைக் கடன்பட்டிருக்கிறோம், மனசாட்சியை அல்ல. அந்தச் சோறும் சாமானிய மக்கள் கட்டிய வரியில் வந்ததுதானே? அதே சமயம், அநியாயத்தை எதிர்ப்பவனுக்கும் நிராயுதபாணியைக் கொல்ல உரிமை கிடையாது. கும்பகர்ணனுக்கு வாய் திறந்து பேச ஓர் இடமாவது இருந்தது. கேள்வி கேட்க இடமில்லாத முகாமில் வதந்திதான் பேசும்.

தேசிய சேவைக்குப் போகும் தம்பிகளே, இன்று நீங்கள் காப்பது அந்நியன் கொடியை அல்ல, உங்கள் சொந்த வீட்டை. அதனால்தான் உங்கள் கடன் இன்னும் பெரியது: கட்டளைக்குக் கட்டுப்படுங்கள், தப்பு என்று பட்டால் கும்பகர்ணனைப் போல நேரே சொல்லவும் பழகுங்கள்.